இரண்டு மாடு ஏன் நான்காவதில்லை?

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பால் தொழிலைத் தாங்குபவர்கள் இரண்டு, மூன்று மாடுகள் வைத்திருக்கும் சிறு குடும்பத்தார்தான். மானாவாரி வேர்க்கடலை பொய்த்த ஆண்டுகளில் இவர்கள் வீட்டில் அடுப்பெரியச் செய்தது பால் பணமே. ஆயினும் இரண்டு மாடு நான்காகப் பெருகுவது அரிதாகவே இருக்கிறது. காரணங்களைச் சற்றுப் பார்ப்போம்.

முதலாவது தீவனம். உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடுகிறது. சொந்தமாகக் கடலைக்கொடியும், கரும்புத் தோகையும், ஒரு துண்டு நிலத்தில் பசும்புல்லும் உள்ளவர் தாக்குப்பிடிக்கிறார். எல்லாவற்றையும் விலைக்கு வாங்குபவர் கறந்த காசைத் தீவனக் கடையிலேயே கொடுத்துவிட்டு வருகிறார்.

இரண்டாவது சினைப் பருவம். சினைப்படாத பசுவுக்கு இது சுமார் 21 நாட்களுக்கு ஒருமுறை வரும். ஒருமுறை கவனிக்கத் தவறினால் மூன்று வாரத் தீவனம் வீண். திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2005இல் பல்கலைக்கழகமும் வந்தது. அறிவுக்குப் பஞ்சமில்லை, அது மாட்டுக் கொட்டகை வரை வந்து சேர வேண்டும்.

மூன்றாவது குளிர்ச்சியும் போக்குவரத்தும். கறந்த பாலை விரைவில் 4 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்தால்தான் தொலைதூரச் சந்தை கிடைக்கும். 2020 மார்ச்சில், ஊரடங்கின்போது, ரேணிகுண்டாவிலிருந்து டில்லிக்கு 'தூத் துரந்தோ' என்ற தனிப் பால் ரயிலே விடப்பட்டது. ஒரு டாங்கரில் 40,000 லிட்டர். தூரம் சுமார் 2,300 கிலோமீட்டர். ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்ற எனக்கு இதில் தனிப் பெருமை உண்டு.

நான்காவதுதான் முக்கியமானது: அளவும் விலையும். கொழுப்பு, இதர திடப்பொருள் இவற்றைச் சோதித்தே விலை தருகிறார்கள். சோதிக்கும் கருவி வாங்குபவர் கையில். 1946இல் குஜராத்தின் ஆனந்தில் உழவர்கள் கூட்டுறவு கண்டது, விற்பனை தம் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே. சித்தூரில் கூட்டுறவுப் பால் பண்ணை 2002இல் மூடப்பட்டது. 1992இல் தொடங்கிய ஹெரிடேஜ் முதலிய தனியார் நிறுவனங்கள் வாங்குகின்றன என்பது உண்மை. ஆனால் தனியாரிடம் உழவர் வெறும் விற்பனையாளர். கூட்டுறவில் அவரே பங்குதாரர். 2023 ஜூலையில் அமுல் மூலம் அப்பண்ணையைப் புதுப்பிக்க அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல் மட்டும் பாலைக் குளிர்விக்காது என்பதை நாம் அறிவோம்.

கேஜ் சரிபார்க்காமல் தண்டவாளம் போடுவதில்லை. அதுபோல் பால் வீட்டிலும் சோதனைக் கருவியைச் சரிபார்த்து, முடிவை உழவர் கண்முன் காட்ட வேண்டும். கறந்த லிட்டர், கொழுப்பு அளவு, ஊசி போட்ட தேதி, தீவனச் செலவு ஆகிய நான்கையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் அன்றாடம் எழுதினாலே நஷ்டம் எங்கே என்பது தெரிந்துவிடும். கிராமத்தில் உறவினர் உள்ள நம் சங்க அன்பர்கள், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த நோட்டு ஒன்றை வாங்கிச் செல்லலாமே!