பாலைத் தோட்டத்தில் நாரத்தையும் கள்ளியும்

நாரத்தை மரம் ஹிஜ்ரி 300-க்குப் பின்னரே இந்தியாவிலிருந்து அரபு நாடுகளுக்கு வந்தது என்று பத்தாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அல்-மஸ்ஊதி தமது 'முரூஜுத் தஹப்' நூலில் குறித்துள்ளார். அது முதலில் நடப்பட்ட இடம் உமான். அங்கிருந்து பஸராவுக்கும் ஈராக்கின் பிற பகுதிகளுக்கும் ஷாம் தேசத்துக்கும் சென்றது. கூடவே ஒரு குறையையும் அவர் பதிவு செய்கிறார். தாயகத்தில் அதற்கு இருந்த நறுமணமும் அழகிய நிறமும் புதிய இடத்தில் குன்றிவிட்டன. அந்நாட்டின் காற்றும் மண்ணும் நீரும் அதற்கு வாய்க்கவில்லை என்கிறார்.

வெயில் அவருடைய பட்டியலில் இல்லை என்பது நம் கவனத்துக்குரியது. வளைகுடா நாடுகளில் வாழும் நம்மவர் வீட்டு முற்றத்தில் வைத்த எலுமிச்சை பட்டுப்போனால், வெயில் கொன்றுவிட்டது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். நாம் அறிந்த நண்பர் ஒருவர் நாள்தோறும் மாலையில் தவறாமல் ஒரு வாளி நீர் ஊற்றி வந்தார். இரண்டாம் கோடையில் இலை நுனிகள் கருகின. மூன்றாம் கோடையில் மரம் இல்லை. உண்மையில் அந்த மரத்தைக் கொன்றது அந்த ஒரு வாளி நீர்தான்.

பாலைநிலத்து நீரில் உப்பு மிகுதி. மேலோட்டமாக ஊற்றும் நீர் ஒரு சாண் ஆழம் இறங்கி, மறுநாள் வெயிலில் ஆவியாகிவிடுகிறது. உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. எலுமிச்சை இனத்தின் உணவு தேடும் வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேல் இரண்டு அடிக்குள்ளேயே பரவி நிற்பதால், நாளடைவில் அவை உப்புப் படுகையில் கிடக்க நேர்கிறது. இதற்கு மாற்று, நீரைக் குறைப்பதோ கூட்டுவதோ அன்று. ஊற்றும் முறையை மாற்றுவது. இரண்டு மூன்று அடி ஆழம் நனையுமாறு ஒரே தடவையில் நிறைய நீர் பாய்ச்ச வேண்டும். அந்த நீர் உப்பை வேருக்குக் கீழே தள்ளிவிடும். பின்னர் மேல்மண் காயும் வரை பொறுத்திருக்க வேண்டும். பாத்தி, மரத்தின் குடை எவ்வளவு விரிந்திருக்கிறதோ அவ்வளவு அகலம் இருத்தல் நலம். அடிமரத்தைச் சுற்றி மட்டும் மண்ணை மேடாக அணைத்து, நீர் அதைத் தொடாமல் காக்க வேண்டும். அடிமரம் நாள்கணக்கில் ஈரத்தில் நின்றால் பட்டை அழுகிப் பிசின் வடியத் தொடங்கும்; அதன்பின் மரத்தைக் காப்பது அரிது.

வெயிலுக்கும் பங்கு உண்டு. ஆனால் அதனைத் தடுப்பது எளிது. தாழ்ந்த கிளைகளை வெட்டாமல் விட்டால் அவையே அடிமரத்துக்கு நிழலாகும். வெட்டிவிட்டவர்கள் பட்டையில் வெள்ளை பூச வேண்டும். இலை மஞ்சளித்து நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் அது நீர்க்குறை அன்று. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு எட்டாத நிலை அது. கார மண்ணிலும் கரைந்து நிற்கும்படி தயாரிக்கப்பட்ட இரும்பு உரம் கடைகளில் கிடைக்கிறது.

இந்த நீர் அளவையை உமானியர் ஓர் ஊரின் ஒழுங்காகவே அமைத்திருந்தனர். மலையடி நிலத்தடி நீரையும் ஊற்று நீரையும் சரிவுக் கால்வாய் வழியே ஊருக்குக் கொணரும் 'ஃபலஜ்' முறை அது. நிஸ்வாவின் ஃபலஜ் தாரிஸ் உள்ளிட்ட ஐந்து கால்வாய்களை 2006-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. கால்வாய் ஊருக்குள் நுழையும் இடத்தில் முதல் உரிமை குடிநீருக்கு. பின்னர் பள்ளிவாசல், குளிப்பிடம் ஆகியவற்றைக் கடந்தே நீர் தோட்டத்தை அடையும். தோட்டக்காரர் நீரைக் கனஅளவில் அல்ல, நேரத்தில் உடைமையாகக் கொண்டிருந்தார். 'அஸர்' எனும் பங்கு ஏறத்தாழ அரைமணி நேரம். பகலில் நட்ட கோலின் நிழலையும் இரவில் விண்மீன்களையும் கொண்டு அதனைக் கணித்தனர். தமது முறை வரும்போது நீர் வெள்ளமாக வரும். மரம் ஆழ நனையும். அடுத்த முறை வரை மண் காயும். எலுமிச்சை வேண்டுவதும் இதுவே. மேலே பேரீச்சை நிழல் தர, அதன் கீழே எலுமிச்சையும் வாழையும், அவற்றினும் கீழே கால்நடைத் தீவனமும் வளர்ந்தன. அங்கு விளைந்த சிற்றெலுமிச்சையை உப்பு நீரில் கொதிக்கவைத்துக் கருக உலர்த்திய 'லூமி'யை ஈராக்கியர் இன்றும் 'நூமி பஸரா' என்றழைக்கின்றனர். அது பஸராத் துறைமுகம் வழியாக வந்து சேர்ந்ததால் ஏற்பட்ட பெயர். அல்-மஸ்ஊதி சொன்ன நாரத்தையின் வழியும் அதுவே!

எழுபதுகளுக்குப் பின் பாத்தினாக் கடற்கரையில் இயந்திர இறைவைகள் பெருகின. நேரக் கணக்கு அங்கு தேவையற்றதாயிற்று, வேண்டியபோதெல்லாம் இறைத்தனர். நன்னீர் மட்டம் இறங்க, கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்து, கடலோரத் தோட்டங்கள் பல உவர்ந்து கைவிடப்பட்டன. அதே காலத்தில் தத்துப்பூச்சியால் பரவும் 'சூனியக்காரியின் துடைப்பம்' என்னும் நோயும் எலுமிச்சையைத் தாக்கியது. கிளை நுனியில் சிற்றிலைகள் துடைப்பம்போல் கொத்தாகும். நான்கைந்து ஆண்டுகளில் மரம் மடியும். உமானின் எலுமிச்சை விளைச்சலில் பெரும்பகுதி இவ்வாறு அழிந்தது.

இதே முற்றத்தில் நாரத்தைக்கு நேரெதிரான இயல்புடைய மற்றொரு விருந்தாளி, சப்பாத்திக்கள்ளி இனத்து முள்ளத்தி. மெக்ஸிகோவில் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினை அடைந்து, மத்தியதரைக் கடலின் தென்கரைக்குப் பரவியது. 'இந்தியத் தீவுகள்' என்று ஐரோப்பியர் தவறாக அழைத்த நிலத்திலிருந்து வந்ததால், வட ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் அதற்கு 'ஹிந்தி' என்றே பெயர். உண்மையில் இந்தியாவிலிருந்து சென்றது நாரத்தைதான். 'நாரஞ்ச்' என்னும் அரபுச் சொல்லுக்குத் திராவிட வேர் காட்டும் மொழியறிஞரும் உளர். பலஸ்தீனத்தில் முள்ளத்தி 'ஸப்ர்' எனப்படுகிறது. முன்பு கற்றாழையைக் குறித்த சொல் அது. பொறுமையைக் குறிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே.

கள்ளி பகலில் தன் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் மட்டும் மூச்சு விடுகிறது. இரவில் உள்வாங்கும் கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகல் ஒளியில் செலவிடுகிறது. விடியற்காலையில் அறுத்த மடலில் புளிப்பு மிகுந்திருப்பதும் மாலையில் அது குறைவதும் இதனால்தான். எனவே அதற்குத் தேவை குளிர்ந்த இரவு. தாயிஃப், அஸீர் மலைப்பகுதிகளில் 'பர்ஷூமி' என்ற பெயரில் செழிக்கும் அது, இரவிலும் புழுங்கும் வளைகுடாக் கடற்கரையில் சோர்ந்துபோவதற்குக் காரணம் பகல் வெயில் அன்று.

ஆகவே இரண்டையும் ஒரே பாத்தியில் வைப்பது பிழை. எலுமிச்சை பள்ளத்திலும் கள்ளி சரளைக்கல் மேட்டிலும் இருக்க வேண்டும். வெட்டிய கள்ளி மடலை நிழலில் இரண்டு வாரம் வைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் மூடிய பிறகே நட வேண்டும். வேர் பிடிக்கும் வரை நீர் வேண்டாம். நாற்றுப்பண்ணையின் நிழலில் வளர்ந்ததை வாங்கி வந்தால், முதற்கோடையில் வலைத்துணி கட்டி வெயிலைப் பழக்க வேண்டும். கள்ளிக்கும் வெயிலில் தோல் வேகும். இரண்டையுமே கோடைக்கு முன் நடாமல், ஐப்பசிக்குப் பின் வெயில் தணிந்ததும் நடுவது வளைகுடாவில் ஏற்றது.

கள்ளிக்கு அழிவே இல்லை என்பதும் நம் மயக்கமே. 2014-இல் மொராக்கோவின் ஸீதி பென்னூர் பகுதியில் தென்பட்ட இந்திரகோபப் பூச்சி, சில ஆண்டுகளில் அந்நாட்டின் முள்ளத்தி வேலிகளைப் பரந்த அளவில் அழித்தது. வறட்சியில் கால்நடைக்குத் தீவனமும் ஏழைக் குடும்பத்துக்குப் பழ வருவாயும் தந்த வேலிகள் அவை. தமிழகக் கிராமங்களை அடைத்துக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க, 1926-இல் இலங்கையிலிருந்து வேண்டுமென்றே கொணரப்பட்டதும் இதே பூச்சி. ஓரிடத்தில் மருந்தாக வந்தது மற்றோரிடத்தில் பஞ்சமாயிற்று. பூச்சியை எதிர்க்கும் சில இரகங்களை மொராக்கோவின் வேளாண் ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். அவற்றின் மடல்களை இப்போது பழைய வேலிகள் நின்ற வரப்புகளில் மீண்டும் நட்டு வருகின்றனர்.