டாக்கில் செருகினால் வெப்கேம் திக்குவது ஏன்?

ஆன்லைன் இன்டர்வியூ நடுவே முகம் அப்படியே உறைந்து நிற்கும். குரல் மட்டும் கேட்கும். ‘நெட் ஸ்லோ’, ‘கேமரா போச்சு’ என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால், காரணம் டாக்கிங் ஸ்டேஷனாகவும் இருக்கலாம்.

சிக்கல் எங்கே?

மானிட்டர், ஹார்டு டிஸ்க், வெப்கேம் எல்லாமே டாக்கிலிருந்து ஒரே கேபிளில்தான் லேப்டாப்புக்குப் போகின்றன. சாதாரண யுஎஸ்பி-சி கேபிளில் வேகமான பாதைகள் நான்கு. 4கே மானிட்டர் நான்கையும் எடுத்துக்கொண்டால், மற்றவற்றுக்கு மிஞ்சுவது விநாடிக்கு 480 மெகாபிட் செல்லும் யுஎஸ்பி 2.0 பாதை மட்டுமே.

சுருக்காத 1080பி வீடியோவுக்கோ, 30 ஃபிரேம் வேகத்தில், விநாடிக்குச் சுமார் 1,000 மெகாபிட் வேண்டும். அதனால்தான் பல வெப்கேம்கள் வீடியோவைச் சுருக்கி அனுப்புகின்றன. அந்த நேரம் பார்த்து ஹார்டு டிஸ்க்கில் ஃபைல் காப்பி ஓடினால், அதே பாதையில் நெரிசல்தான்!

என்ன செய்யலாம்?

* நெட்டை அணைத்துவிட்டு லேப்டாப்பின் கேமரா ஆப்பைத் திறந்து பாருங்க. அதிலும் திக்கினால் நெட் காரணமில்லை.
* வெப்கேமை நேரடியாக லேப்டாப்பில் செருகுங்கள். சரியாகிவிட்டால் கேமரா மேல் தப்பில்லை, அங்கேயே இருக்கட்டும்.
* லேப்டாப்பில் போர்ட் இல்லையா? வீடியோவை 720பி-க்குக் குறைத்து, காப்பி வேலைகளை நிறுத்துங்கள்.
* டாக்கின் ஃபர்ம்வேரை அப்டேட் செய்யுங்கள்.
* விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ இருந்தால் அணைத்துப் பாருங்கள்.

நேரடியாகச் செருகியும் திக்கினால், அப்புறம் புது கேமரா பற்றி யோசிக்கலாம்.