பழைய சக்கரங்கள் – 6: பொருந்துவது போல இருப்பது

கிராங்க் அச்சைத் தாங்கும் வலப்பக்கக் கப்பு மூன்று நாளாக அசையவில்லை. வெள்ளிக்கிழமை துரு இளக்கும் எண்ணெய் விட்டேன். சனிக்கிழமை மறுபடியும் விட்டேன். ஞாயிறு காலை ஸ்பேனரை மாட்டி, உடம்பின் எடை முழுவதையும் போட்டு, கடிகார முள் சுற்றும் திசையில் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்பேனர் பிடியை நீளமாக்க ஓர் இரும்புக் குழாயைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது:

"முதலில் அளந்தீர்களா?"

கேட்டவர் ஓய்வுபெற்ற கடைசல்காரர். நான் வேலை செய்யும் இந்தக் கூட்டுப் பட்டறைக்கு ஞாயிறுதோறும் வருவார். பிரான்ஸின் சேன்த்-எத்தியென் நகரத்தில் இப்படிக் கேட்க ஒருவர் இருப்பது அதிசயமில்லை. பல தலைமுறைகள் சைக்கிள் செய்து பிழைத்த ஊர் இது. என் வண்டியின் கிராங்க்கைச் செய்த ஸ்ட்ராங்லைட்டும், பெடலைச் செய்த லியோத்தாரும் இந்த ஊர் நிறுவனங்களே.

சென்ற வாரம் கழுவித் துடைத்து வைத்த அந்த வெள்ளை வண்டி, 1970களின் தொடக்கத்தில் வந்த பூஜோ பி.எக்ஸ்.-10. ரெனால்ட்ஸ் 531 குழாய்களால் ஆன பந்தய வண்டி. எடி மெர்க்ஸ் 1966-இல் மிலான்–சான் ரெமோ பந்தயத்தை முதன்முறை வென்றது பூஜோ அணியில்தான். பெர்னார் தெவெனே 1975-இல் டூர் தெ பிரான்ஸ் வென்றதும் அதே அணியில். அந்தப் பரம்பரையில் வந்த வண்டியை நான் தப்பான பக்கம் திருகிக்கொண்டிருந்தேன்.

தப்பு கையில் இருந்தது. நான் வேலை பழகியது நம் ஊர்ச் சைக்கிள்களில். 1949-இல் பிரிட்டிஷ் நிறுவனத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் ஆங்கிலேய வழியில் வந்தவை. அந்த வழியில் வலப்பக்கக் கப்புக்கு இடது மரை. கழற்ற வேண்டுமானால் கடிகாரத் திசையில் திருக வேண்டும். பிரெஞ்சு முறையில் இரண்டு பக்கமும் வலது மரைதான். மூன்று நாளாக நான் கழற்றவில்லை; இறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் குழாய் கையில் கிடைத்திருந்தால் ஃபிரேமின் மரையே போயிருக்கும்.

இடப்பக்கக் கப்பு ஏற்கெனவே கழன்று மேசைமேல் கிடந்தது. பெரியவர் அதை எடுத்து வெர்னியரில் பிடித்தார். பிரெஞ்சு அளவு 35 மி.மீ.; ஆங்கிலேய அளவு 1.37 அங்குலம், அதாவது 34.8 மி.மீ. தேய்ந்த பழைய உலோகத்தில் இந்த வித்தியாசத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதனால் த்ரெட் கேஜை எடுத்தார். ரம்பப் பல் போல வெட்டிய மெல்லிய தகடுகளின் கொத்து அது. முதலில் அங்குலத்துக்கு 24 மரை உள்ள ஆங்கிலேயத் தகட்டை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். முதல் இரண்டு மூன்று பல் அழகாக உட்கார்ந்தது. அடுத்த பல் லேசாக ஏறியது. எட்டாவது பல்லுக்குள் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் விலகிவிட்டது. இடையில் வெளிச்சம் தெரிந்தது. பிறகு 1 மி.மீ. தகட்டை வைத்தார். கடைசிப் பல் வரை ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை.

இந்த வாரம் நான் சொல்ல வந்தது இதுதான். பழைய பிரெஞ்சு வண்டியைச் சீர்செய்பவருக்குப் பொருந்தாத பாகம் எதிரியே இல்லை. பொருந்துவது போல இருக்கும் பாகம்தான் எதிரி.

கிராங்க்கைக் கழற்றும் புல்லரைப் பாருங்கள். இன்று கடையில் கிடைக்கும் புல்லரின் மரை 22 மி.மீ. அதை இந்த ஸ்ட்ராங்லைட் கிராங்க்கில் வைத்தால் தொளதொளவென்று ஆடும். ஆகாது என்று உடனே தெரிந்துவிடும், கெடுதல் இல்லை. டி.ஏ. நிறுவனத்தின் பழைய கிராங்க்குகளுக்கான புல்லர் 23 மி.மீ. அது பிடிப்பது போலத் தோன்றும். இறுக்க இறுக்க, ஸ்ட்ராங்லைட்டின் 23.35 மி.மீ. அலுமினிய மரையை அப்படியே உரித்துக்கொண்டு வெளியே வரும். மரை போன கிராங்க்கைச் சேதமில்லாமல் கழற்றுவது பெரும்பாடு. நான் இரண்டு மாதம் காத்திருந்து சரியான புல்லரை வாங்கினேன். அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாளும் வீண் இல்லை.

தலையிலிருந்து பின்சக்கரம் வரை இதே கதைதான். ஃபோர்க்கின் மேல்மரை 25 மி.மீ., ஆங்கிலேய வண்டியில் 25.4. பெடல் மரை 14 மி.மீ., இன்றைய பெடலில் 14.29. ஃப்ரீவீல் மரை 34.7 மி.மீ.; அந்த ஹப்பில் ஆங்கிலேய ஃப்ரீவீல் சுலபமாக ஏறிவிடும், மேட்டில் மிதிக்கும்போது ஹப்பின் மரையைச் சிதைத்துவிடும்.

இவற்றை 'நான்-ஸ்டாண்டர்டு' என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1795-இல் சட்டம் போட்டு மீட்டரை ஏற்று, 1840 முதல் கட்டாயமாக்கிய நாடு இது. தன் சைக்கிளை மில்லிமீட்டரில் வெட்டியது அந்த நாட்டின் ஒழுங்கு. 1970களிலும் 80களிலும் உலகச் சந்தையை ஆங்கிலேய மரையோடு வந்த ஜப்பானியப் பாகங்கள் பிடித்தன. பிரெஞ்சு நிறுவனங்களும் ஒவ்வொன்றாக மாறின. தோற்றது விற்பனையில், அளவில் பிழை எதுவும் இல்லை. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று நான் போராடிய வலப்பக்கக் கப்பு. மிதிக்கும்போது அச்சு ஒரு திசையில் சுழல, இடையில் உருளும் பால்ரஸ் கப்பை எதிர்த்திசையில் மெல்ல மெல்ல நகர்த்தும். வலப்பக்கத்தில் வலது மரை இருந்தால் அந்த நகர்வு கப்பைத் தளர்த்தும். ஆங்கிலேயர் இடது மரை வெட்டியது இதனால்தான். பிரெஞ்சுக் கப்பை இறுக்கத்தை மட்டுமே நம்பி நிறுத்த வேண்டும். அன்று மாட்டியவர் எவ்வளவு இறுக்கியிருப்பார் என்பது அப்போதுதான் புரிந்தது.

சீர்செய்வதில் நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: புதுப் பாகத்தை மாற்றலாம், பழைய உடம்பில் கை வைக்கக் கூடாது. ஹேண்டில்பாரைத் தாங்கும் அசல் ஸ்டெம்மின் அடியில் மயிரிழை விரிசல். அதை நம்பி இறக்கத்தில் போக முடியாது. இன்றைய ஸ்டெம் 22.2 மி.மீ., இந்த ஃபோர்க் ஏற்பது 22. ஃபோர்க்கின் உள்ளே குடைந்து அகலப்படுத்தலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் ஸ்டெம்மைத்தான் தேய்த்தேன். உப்புத்தாள் பட்டையைச் சுற்றி இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, இரண்டு மாலைகள். கடைசியில் அது கைவிரல் அழுத்தத்தில் இறங்கியது. பெடலிலும் அப்படியே: கிராங்க்கை 14.29-க்கு மரை வெட்டினால் எந்தப் பெடலும் ஏறும், ஆனால் திரும்பி வர வழியில்லை. 14 மி.மீ. பெடலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஸ்பேனர் வழுக்காமல் இருக்க, கப்பின் நடு ஓட்டை வழியாக நீண்ட போல்ட் ஒன்றைச் செருகி, பெரிய வாஷர்களை வைத்து, ஸ்பேனரையும் கப்பையும் ஒன்றாகச் சேர்த்து நட்டுப் போட்டு இறுக்கினோம். பெரியவர் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டார். நான் எதிர்த்திசையில், ரப்பர் சுத்தியலால், ஒரே அடி. 'டக்'. ஐம்பது ஆண்டுக்கு மேல் இறுகிக் கிடந்தது கால் சுற்றுச் சுற்றியது. அதன்பின் கையாலேயே கழன்று வந்தது.

உள்ளே கிரீஸ் மெழுகாகியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவியபோது பக்கத்துக்குப் பதினொன்றாகப் பால்ரஸ் குண்டுகள் வெளிப்பட்டன. பெரியவர் ஒன்றைத் துடைத்து வெர்னியரில் வைத்து என்னிடம் நீட்டினார். 6.35 மி.மீ. சரியாகக் கால் அங்குலம்.

மில்லிமீட்டரில் பிறந்த வண்டியின் நெஞ்சுக்குள் அங்குலக் குண்டு! செயினின் கண்ணி இடைவெளியும் 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம்தான். கப்பைத் திருப்பிப் பார்த்தேன். குண்டுகள் ஓடிய தடம் கீறலோ குழியோ இல்லாமல் கண்ணாடிபோல் மின்னியது. அந்தக் கால் அங்குலத்துக்கு என்ன வளைவு வேண்டுமோ அதைக் கணக்கிட்டுத்தான் எவரோ அந்த 35 மி.மீ. கப்பைக் கடைந்திருக்கிறார். அதே கப்பைத்தான் திரும்ப மாட்டப் போகிறேன், அவர் இறுக்கிய அதே இறுக்கத்தில்.

அடுத்த வாரம்: கிளெர்மோன்-ஃபெரானில் பிறந்த மாஃபாக் பிரேக்குகள்.

(தொடரும்)