உங்கள் பெயர் யாருடைய பட்டியலில் இருக்கிறது?



எங்கள் வார்டில் இரவு ஏழரை மணிக்குப் பகல் வேலை செய்தவர்கள் இரவு வேலைக்கு வந்தவர்களிடம் பொறுப்பை ஒப்படைப்பார்கள். யாருக்கு என்ன மருந்து, யார் விழுந்துவிடக்கூடும், யார் சாப்பிடவில்லை என்று ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லுவார்கள். வேலைக்கு வந்ததும் எந்தத் தாதியும் கேட்கும் முதல் கேள்வி, "என் கட்டில்கள் எவை?" என்பதுதான். எல்லா நோயாளிகளிலும் எனக்கு அன்பு உண்டு என்று சொல்லிக்கொண்டு ஒரு கட்டிலையும் பொறுப்பெடுக்காத தாதியால் ஒருவருக்கும் பயனில்லை.

ஆள் போதாத இரவுகளில் ஏஜென்சியிலிருந்து தாதிமார் வருவார்கள். எங்களைவிடத் திறமையானவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் ஆறாம் கட்டில் ஐயா நோகுது என்று வாய் திறக்கமாட்டார், முகத்தைப் பார்த்துத்தான் அறியவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அடுத்த கிழமை அவர்கள் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று நாங்களும் கேட்பதில்லை. அது அவர்களுடைய குற்றமல்ல, அந்த வேலை அப்படி.

சபை வாழ்க்கையில் நான் மூன்று வருடங்கள் அப்படித்தான் இருந்தேன்.

ஞாயிறு வேலை எனக்கு நல்ல சாட்டாக இருந்தது. லீவு கிடைக்கும் ஞாயிறுகளில் பாட்டு நன்றாக இருக்கும் ஆங்கிலச் சபைக்குப் போவேன். நத்தாருக்கு மட்டும் தமிழ்ச் சபை. மற்ற நாட்களில் பஸ்ஸில் காதில் பிரசங்கம். ஐந்து பிரசங்கிமாரை ஒழுங்காகக் கேட்டேன். விசுவாசத்தில் வளருகிறேன் என்றே நினைத்தேன்.

2020 மார்ச்சில் இங்கிலாந்தில் ஆலயங்கள் மூடப்பட்டன. அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் என் அப்பா இறந்துபோனார். ஊருக்குப் போக வழியில்லை. அடக்க ஆராதனையைக் கைபேசியில் பார்த்தேன். இடையில் இரண்டு தரம் படம் நின்றுபோனது. நான் கேட்டு வந்த அந்த ஐந்து பேரும் நல்ல ஊழியர்கள்தான். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது.

மூன்றாம் நாள் வாசல் மணி அடித்தது. படியில் ஒரு பை இருந்தது. உள்ளே இடியப்பமும் சொதியும். கேற்றுக்கு அப்பால் முகக்கவசத்தோடு ஒரு அன்ரி நின்றார். தமிழ்ச் சபையில் இரண்டு நத்தாருக்கு என்னோடு கதைத்தவர்.

"பிள்ளை, அப்பாவின்ர செய்தி கேள்விப்பட்டன். நீர் முதல் வந்த நாளிலயிருந்து உம்மட பேர் என்ர ஜெபக் கொப்பியில இருக்கு. ஒவ்வொரு நாளும் உமக்காக ஜெபிக்கிறனான்."

அவருடைய பட்டியலில் நான் இருந்தேன். என்னுடைய பட்டியலில் ஒருவரும் இல்லை. அப்பாவை நினைத்து அழுத அழுகையோடு இந்த வெட்கமும் சேர்ந்துகொண்டது.

ஜூலையில் ஆலயங்கள் திறந்தபோது சேர்ந்து பாட அனுமதி இருக்கவில்லை. பாட்டுக்காகச் சபை தேடிய நான், பாட்டே இல்லாத அந்த ஆராதனைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அந்த வருட முடிவில் போதகரிடம் சொல்லி அங்கத்தவராகச் சேர்ந்தேன்.

"அங்கத்துவம் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது?" என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அங்கத்தவர் என்ற சொல்லே அங்கம் என்பதிலிருந்துதான் வருகிறது. 1 கொரிந்தியர் 12இல் பவுல் சபையைச் சரீரமாகவும் நம்மை அதன் அவயவங்களாகவும் காட்டுகிறார். துண்டிக்கப்பட்ட விரலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதை நான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு குளிரில் வைத்தாலும் அதற்குக் கொஞ்ச நேரந்தான். கையோடு சேர்த்துத் தைத்தால்தான் பிழைக்கும்.

1 தீமோத்தேயு 5இல் எந்த விதவைகளைச் சபையின் கணக்கில் சேர்ப்பது என்று பவுல் எழுதுகிறார். யார் தங்களுடையவர்கள் என்று அந்தச் சபைக்குத் தெரிந்திருந்தது. ரோமர் 16இல் பெபேயாளை அறிமுகப்படுத்தும்போது, அவர் எந்தச் சபையின் ஊழியக்காரி என்பதையும் சேர்த்தே சொல்கிறார். ஊரில் நம் பெற்றோர் இடம் மாறும்போது பழைய போதகரிடம் கடிதம் வாங்கிப் புதிய சபையில் கொடுத்தார்களே, அதுவும் இதுதான். நம்மை நடத்துகிறவர்கள் நம் ஆத்துமாக்களுக்காகக் கணக்குக் கொடுக்கவேண்டும் என்கிறது எபிரெயர் 13:17. நீங்கள் யாருடைய மந்தை என்று நீங்களே சொல்லாவிட்டால், எந்த மேய்ப்பன் உங்களுக்காகக் கணக்குக் கொடுப்பார்?

"அக்கா, எங்கட சபையில ஊர்க்கதை கூட. பிரசங்கத் தமிழ் பாதி விளங்கிறதில்லை. பெரியாக்கள் எங்களைச் சின்னப்பிள்ளைகளாத்தான் பாக்கினம்." இவை பொய்யல்ல. கொரிந்து சபையிலும் கட்சிகள் இருந்தன, வழக்குகள் இருந்தன. கர்த்தருடைய பந்தியிலேயே சிலர் பசியாயிருக்கச் சிலர் வெறித்திருந்தார்கள். பவுல் அவர்களைக் கடிந்துகொண்டார், ஆனால் கலைந்துபோகச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்கிறேன்: ஒரு சபையில் உங்களுக்குத் துன்புறுத்தல் நடந்தால், வாய்மூடி இருப்பது அங்கத்துவம் அல்ல. நம்பிக்கையானவரிடம் உடனே சொல்லுங்கள், பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். சலிப்பும் மனத்தாங்கலும் வேறு. அவை எந்தக் குடும்பத்திலும் உண்டு.

இந்த மாதமே செய்யக்கூடியவை சில. பல்கலைக்கழகத்துக்கு வேறு நகரம் போகிறவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு சபையைத் தெரிந்து, அங்குள்ள போதகரிடம் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். என்னைப்போல ஞாயிறு வேலை செய்கிறவர்கள் வேலை அட்டவணை வந்ததும் வீட்டுக்கூட்டத் தலைவருக்கு அனுப்புங்கள். வராத கிழமையில் அவர் தேடுவார். கதிரை அடுக்குவதோ, தேத்தண்ணி ஊற்றுவதோ, பெரியவர்களுக்கு மொழிபெயர்ப்பதோ, ஒரு வேலையை உங்களுடையதாக எடுங்கள். பிறகு ஒரு கொப்பியில் சபையாரில் ஐந்து பேரின் பெயரை எழுதுங்கள். அதில் இரண்டு பேராவது உங்கள் வயதுக்காரராக இருக்கவேண்டாம்.

சென்ற மாதம் அந்த அன்ரிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. இந்த முறை இடியப்பம் கொண்டுபோனது நான். கடையில் வாங்கியதுதான், அன்ரி உடனே கண்டுபிடித்துவிட்டார். சாப்பிட்டு முடித்ததும் தன் கொப்பியை எடுத்துத் தந்து, "கை நடுங்குது பிள்ளை, இனி நீர் எழுதும்" என்றார். சபைக்குப் புதிதாக வந்த இரண்டு மாணவரின் பெயரை எழுதினேன்.

"என் கட்டில்கள் எவை?" இந்த ஞாயிறு ஆலயத்துக்குள் நுழையும்போது நீங்களும் அதைக் கர்த்தரிடம் கேளுங்கள். அவர் காட்டுவார்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் அக்கா