தூண்டிற்கோலுக்கும் ஒரு பெயர் வேண்டும்

தமிழ் வீடுகளில் பித்தளைக் குடத்துக்கும் எவர்சில்வர் தூக்குக்கும் பெயர் உண்டு. பாத்திரம் வாங்கும்போதே பெயர் வெட்டித் தரச் சொல்வது நம் வழக்கம். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளிலும் 'ஆதன்', 'குவிரன்' போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. ஆனால், கையால் செய்த தூண்டிற்கோலில் பெயர் பொறித்து நான் நம்மூரில் கண்டதில்லை. அதனால் நேரும் இழப்பை என் வீட்டிலேயே உணர்ந்தேன்.

என் தந்தை ஆற்றங்கரை மூங்கிலை வெட்டி, அடுப்புக்கு மேலுள்ள பரணில் மாதக்கணக்கில் புகையேற்றி, தணலில் வாட்டி நிமிர்த்தித் தமக்கென ஒரு கோல் செய்திருந்தார். அவர் மறைந்து சில ஆண்டுகள் கழித்து வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பரணில் கிடந்த மற்றக் கழிகளோடு அதுவும் விறகாயிற்று. யாரையும் குறை கூற இயலாது. அது யாருடைய கோல் என்று சொல்ல அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

அதன் பின்னரே மூங்கிற்கோல் செய்யக் கற்கத் தொடங்கினேன். மூங்கிலைப் பிளந்து, ஆறு பிளாச்சுகளை முக்கோண வடிவில் இழைத்து, ஒன்றாக ஒட்டி அறுகோணக் கோலாக்கும் முறை 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் செழித்தது. மெய்ன் மாநிலத்தின் பாங்கோர் நகரில் 1870களில் இத்தொழிலை நடத்திய ஹைரம் லெனார்டின் பெயர் இன்றும் மதிக்கப்படுகிறது. தொடக்க காலத்தில் இத்தகைய கோல்களுக்கு இந்தியாவிலிருந்து சென்ற 'கல்கத்தா மூங்கில்' பயன்பட்டது. பின்னர், 20ஆம் நூற்றாண்டில், தென்சீனத்தின் குவாங்டொங் பகுதி மூங்கில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நான் செய்த முதல் கோலில், பாத்திரத்தில் வெட்டுவதுபோல் அழுத்தமாகப் பெயர் பொறிக்க விரும்பினேன். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் கோலின் நடுப்பகுதியில் எழுதினேன். ஒரு நடுத்தர மீன் இழுத்த இழுப்பிலேயே கோல் முறிந்தது. சரியாக என் பெயர் இருந்த இடத்தில்.

காரணம் எளிது. மூங்கிலின் வலிமை முழுத்தண்டிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. வெளித்தோலை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான் நார்கள் நெருக்கமாக இருக்கின்றன; உள்ளே செல்லச் செல்ல அவை குறைகின்றன. கோல் வளையும்போது பெரும் இழுவிசையைத் தாங்குவதும் அந்த வெளிப்புற நார்களே. அவற்றை அறுத்துப் பெயர் எழுதுவது, கோலின் உயிரை அறுப்பதற்குச் சமம். பித்தளை உளியைத் தாங்கும், மூங்கில் தாங்காது.

ஆகவே, கோலில் பெயரை வெட்டக்கூடாது, எழுத வேண்டும். அதற்குரிய இடம், வளைவு மிகக் குறைவாக உள்ள கைப்பிடிக்குச் சற்று மேலான பகுதி. முதலில் அங்கே மெல்லிய வார்னிஷ் பூச்சு ஒன்றைக் கொடுத்து நன்கு உலரவிட வேண்டும். பிறகு, மிக நைசான உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, விரலின் எண்ணெய்ப்பசை போகத் துடைக்க வேண்டும். தொட்டெழுதும் மெல்லிய நிப்பும் 'இந்தியன் இங்க்' எனப்படும் கரிமையும் போதும். பிழை நேர்ந்தால் மை காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். எழுத்து நன்கு காய்ந்த பின், தூரிகையை முன்னும் பின்னும் தேய்க்காமல், ஒரே வீச்சில் மேற்பூச்சு இட வேண்டும். சில மைகளை வார்னிஷ் கரைத்துவிடும். எனவே, எந்த மையானாலும் முதலில் ஒரு துண்டு மூங்கிலில் எழுதிப் பூசிப் பார்ப்பது நல்லது.

என்ன எழுதுவது? மேலை நாட்டுக் கைவினைஞர்கள் தம் பெயர், கோலின் நீளம், எத்தனை துண்டுகளால் ஆனது, எந்த எடையுள்ள நூலுக்கு உரியது ஆகியவற்றைக் குறிப்பிடுவார்கள். சிலர் வரிசை எண்ணையும் உடையவரின் பெயரையும் சேர்ப்பதுண்டு. ஜப்பானிய மூங்கிற்கோல்களில் செய்தவரின் முத்திரை சிறிதாகச் சூடிட்டுப் பதிக்கப்படுகிறது. இவை வெறும் அலங்காரம் அல்ல. பிற்காலத்தில் கோல் பழுதானால், அதை யார், எதற்காகச் செய்தார் என்பதைச் செப்பனிடுபவருக்குச் சொல்லும் ஆவணங்கள்.

உடையவரின் பெயரை எழுதுமுன் அவரிடமே ஒரு தாளில் எழுதி வாங்கிவிட வேண்டும். மேற்பூச்சு காய்ந்த பின் ஓர் ஒற்றெழுத்தைச் சேர்ப்பதற்கும் வார்னிஷைச் சுரண்டியாக வேண்டும். நீண்ட வாழ்த்துரைகளையும் தவிர்க்கலாம். பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றும் இருந்தால் நூறு ஆண்டுக்குப் பிறகு எடுத்துப் பார்ப்பவருக்கும் விவரம் விளங்கும்.

நம்மிடையே கூடை, பாய், படகு, வலை எனக் கையால் ஆக்கப்படும் எத்தனையோ பொருள்கள் செய்தவர் பெயரின்றியே புழங்குகின்றன. வாங்கியவர் பெயரை வெட்டும் நாம், ஆக்கியவர் பெயரைக் கேட்பதில்லை. பெயரற்ற பொருளை வீசி எறிவது எளிது.

சென்ற ஆண்டு என் பேரனுக்கு ஒரு கோல் செய்தேன். கைப்பிடிக்கு மேலே முதல் வரியில் அவன் பெயரும், அடுத்த வரியில் என் பெயரும் ஆண்டும் உள்ளன. மூன்றாவது வரியில் என் தந்தையின் பெயரை எழுதினேன். "இவர் யார், தாத்தா?" என்று கேட்டான். அவனை அருகில் அமர்த்தி, பரணில் இருந்த அந்தக் கோலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.