உதவி வந்து சேரும்வரை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், கொலம்பியா ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு வடக்கே பசிபிக் கவுன்டி அமைந்துள்ளது. கவுன்டி என்பது மாநிலத்துக்குக் கீழே மாவட்டத்தைப் போல இயங்கும் நிர்வாகப் பிரிவு. பரப்பில் விரிந்து கிடந்தாலும், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் சுமார் 23,000 பேர் மட்டுமே. மரம் வெட்டுதலும் மீன்பிடித்தலும், வில்லாபா விரிகுடாவின் சேற்றுத் திட்டுகளில் சிப்பி வளர்த்தலும், கிரான்பெரி சாகுபடியும் இவர்களின் பிழைப்பு. பணி ஓய்வு பெற்றுக் கடலோரத்தில் குடியேறிய முதியவர்களின் விகிதம் மாநிலச் சராசரியைவிட மிக அதிகம். ஊர்களை இணைப்பவை ஒருசில நெடுஞ்சாலைகளும் பாலங்களும்தான். பேரிடர் ஒன்று நேர்ந்தால் இத்தகைய நாட்டுப்புறத்தில் என்ன நடக்கும், அதற்கு ஒவ்வொரு குடும்பமும் எப்படி ஆயத்தமாக இருக்க வேண்டும் என்ற கேள்வி, இங்கு நகரங்களைவிடக் கூர்மையாக எழுகிறது.

இங்குள்ள மக்கள் அடிக்கடி சந்திக்கும் ஆபத்து குளிர்காலப் புயல். 2007 டிசம்பர் தொடக்கத்தில் அடுத்தடுத்து வந்த புயல்கள், மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்றால் காட்டு மரங்களை வரிசை வரிசையாகச் சாய்த்தன. மின்கம்பிகள் அறுந்தன; தொலைபேசி இணைப்புகள் செயலிழந்தன; கடலோர நெடுஞ்சாலை மரங்களால் அடைபட்டது; கிழக்கே செஹாலிஸ் ஆறு பெருக்கெடுத்து, மாநிலத்தின் முதன்மைச் சாலையான ஐ-5ஐ சில நாள்கள் மூடவைத்தது. மின்சாரம் திரும்பப் பல நாள்கள் ஆயின. நாட்டுப்புற வீடுகள் பலவும் சொந்தக் கிணற்றை நம்பியிருப்பவை என்பதால், மின்சாரம் நின்றதும் மோட்டாரும் நின்று குடிநீரும் இல்லாமல் போகிறது. ஒரு வசதி அறுந்தால் அதைச் சார்ந்த மற்றவையும் தொடர்ந்து அறுந்துபோகும் இந்தச் சங்கிலியைப் புரிந்துகொள்வதே முன்னேற்பாட்டின் முதல் படி.

அரிதாக வருவதும், வந்தால் எல்லாவற்றையும் விஞ்சுவதுமான மற்றொரு ஆபத்து கடலடியில் காத்திருக்கிறது. வடக்குக் கலிபோர்னியாவிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை சுமார் 1,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஹுவான் டி ஃபூக்கா என்னும் கடலடிப் புவித்தட்டு வட அமெரிக்கத் தட்டுக்குக் கீழே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைந்துகொண்டிருக்கிறது. இப்படி ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் அமிழும் பகுதியைக் கீழமிழ்வு மண்டலம் என்பர்; இதன் பெயர் காஸ்கேடியா. இரு தட்டுகளும் உரசும் இடத்தில் பூட்டிக்கொண்டு நிற்பதால், மேலுள்ள தட்டின் விளிம்பு நூற்றாண்டுக்கணக்கில் வளைந்து அழுத்தத்தைச் சேர்த்துவைக்கிறது. பூட்டு உடையும் நாளில் அது நிலநடுக்கமாகவும் ஆழிப்பேரலையாகவும் வெளிப்படுகிறது.

இதற்கான சான்று பசிபிக் கவுன்டியின் மண்ணிலேயே கிடைத்தது. வில்லாபா விரிகுடாவில் கலக்கும் நியாவியாகும் என்ற சிற்றாற்றின் கரையை, 1980களில் பிரையன் அட்வாட்டர் என்ற புவியியலாளர் ஓதம் வற்றிய நேரத்தில் ஆராய்ந்தார். வெட்டி எடுத்ததுபோல் நிற்கும் அந்தச் சேற்றுக்கரையின் அடியில், ஒருகாலத்தில் புல் வளர்ந்திருந்த சதுப்பு நிலத்தின் கரிய மண் ஓர் அடுக்காகத் தெரிகிறது. அதன்மேல் மெல்லிய மணல் படலமும், அதற்கும் மேலே ஓதநீர் கொண்டுவந்து படியவைத்த சாம்பல்நிறச் சேறும் உள்ளன. நிலம் திடீரென ஒரு மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்தது, அலை மணலை வாரிக்கொண்டு வந்தது, பின்னர் கடல்நீர் அங்கேயே தங்கிவிட்டது என்பதை அந்த மூன்று அடுக்குகளும் வரிசைப்படி சொல்கின்றன. உப்புநீரில் பட்டுப்போன செஞ்சீடர் மரங்களின் வளையங்கள், அவை 1699க்கும் 1700க்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் மடிந்ததைக் காட்டின. நிலநடுக்கம் எதையும் உணராத நிலையில் கடற்கரையை அலை தாக்கியது என்னும் ஜப்பானிய ஆவணக் குறிப்புகளோடு இதை ஒப்பிட்டு, நிலநடுக்கம் 1700 ஜனவரி 26 இரவு நிகழ்ந்தது என்றும், அதன் அளவு 9ஐ ஒட்டியது என்றும் அறிஞர்கள் கணித்தனர். இத்தகைய பெருநடுக்கங்களுக்கு இடைப்பட்ட காலம் சராசரியாக ஏறத்தாழ 500 ஆண்டுகள். அடுத்த 50 ஆண்டுகளில் மற்றொன்று நிகழும் வாய்ப்பு 10 முதல் 15 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே நடந்ததும் இதே வகையான கீழமிழ்வு நிலநடுக்கமே. அன்று தமிழகக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியும், எச்சரிக்கை அமைப்பு இல்லாததால் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பசிபிக் கவுன்டியின் நிலைமை வேறு. இங்கு நிலநடுக்கமே எச்சரிக்கை. அதற்குப்பின் கிடைப்பது அரை மணி நேரத்துக்கும் குறைவான அவகாசம். கடலோரச் சைரன்கள் மாதத்தின் முதல் திங்கட்கிழமை நண்பகலில் மணியோசையுடனும், ஆண்டுக்கு ஒருமுறை அக்டோபரில் உண்மையான அபாய ஓலத்துடனும் சோதிக்கப்படுகின்றன. எனினும் தரை ஆடும்போது மேசைக்கடியில் புகுந்து அதைப் பற்றிக்கொள்வதும், ஆட்டம் நின்றதும் சைரனுக்குக் காத்திராமல் மேட்டுநிலம் நோக்கி நடப்பதுமே உயிர்காக்கும் விதி. வாகனத்தை நம்பினால், பிளந்த சாலையிலும் நெரிசலிலும் சிக்க நேரிடும். ஆகவே வீட்டிலிருந்து மேட்டுக்குச் செல்லும் வழியைக் குடும்பத்தினர் அனைவரும், இரவிலும் ஒருமுறை நடந்து பார்த்திருக்க வேண்டும்.

உயிர் தப்பியபின் தொடங்குவது தனிமை. பாலங்கள் விழுந்து, மலைச்சாலைகள் சரிந்து, கடலோர ஊர்கள் ஒவ்வொன்றும் தீவாகிவிடும் என்றும், மீட்புப் படை முதலில் மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிகளிலேயே திணறும் என்றும் மாநிலத் திட்டமிடுவோர் எதிர்பார்க்கின்றனர். மூன்று நாள்களுக்கான பொருள்களைச் சேமியுங்கள் என்ற பழைய அறிவுரையைக் கைவிட்டு, இரண்டு வாரங்களுக்கு ஆயத்தமாக இருங்கள் என்று வாஷிங்டன் அரசு சொல்வது இதனால்தான்.

இரண்டு வாரம் என்பது மலைப்பைத் தரும் சொல். பிரித்துப் பார்த்தால் கைக்கெட்டுவது. ஒருவருக்கு ஒரு நாளுக்குச் சுமார் 4 லிட்டர் தண்ணீர் என்றால், 14 நாளுக்கு 56 லிட்டர் போதும். பெரும்பாலான வீடுகளில் உள்ள வெந்நீர்த் தொட்டியிலேயே 150 லிட்டர் அளவுக்கு நீர் இருக்கும். தொட்டி சாய்ந்து உடையாதபடி பட்டையால் சுவரோடு இறுக்கிக் கட்டிவைப்பதும், நிலநடுக்கத்துக்குப்பின் வெளிநீர் கலக்காமல் உள்வரும் குழாயை அடைப்பதும் தெரிந்திருந்தால் அந்தச் சேமிப்பு காப்பாற்றப்படும். நீரைக் கொதிக்கவைக்க இயலாவிட்டால், வாசனை சேர்க்காத சாதாரண பிளீச் திரவத்தை (6 விழுக்காடு செறிவுள்ளது) 4 லிட்டருக்கு 8 சொட்டு வீதம் கலந்து அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். சமைக்காமல் உண்ணத்தக்க டின் உணவு, அன்றாட மருந்துகள், மூக்குக்கண்ணாடி, பேட்டரி வானொலி, படுக்கையருகே காலணியும் டார்ச் விளக்கும், பணம் எடுக்கும் இயந்திரங்கள் இயங்காத நாள்களுக்காகச் சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் பணம் ஆகியவை அடுத்த தேவைகள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் இயக்கினால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு உயிரைப் பறிக்கும் என்பதை அறிந்திருப்பதும் பொருள் சேர்ப்பதற்கு நிகரான முன்னேற்பாடே. இவை அனைத்தையும் ஒரே நாளில் வாங்க எளிய குடும்பங்களால் இயலாது என்பதால், மாதத்துக்கு ஒரு மணி நேரம் வீதம் ஓராண்டில் ஆயத்தமாகும் திட்டத்தையும் மாநில அரசு வகுத்துத் தந்துள்ளது.

சேமிப்பு அறையை நிரப்புவதோடு பணி முடிவதில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் உருவான அண்டையர் வரைபடத் திட்டத்தில், 15 அல்லது 20 வீட்டார் ஒன்றுகூடி, யாரிடம் சங்கிலி ரம்பம் உள்ளது, யார் செவிலியர், எந்த முதியவர் தனியே வசிக்கிறார், எந்த வீட்டின் எரிவாயுத் தொட்டி எங்கே உள்ளது என்று ஒரே தாளில் குறித்துவைக்கின்றனர். நிலநடுக்கம் நேர்ந்ததும், உதவி தேவையா அல்லது நலமா என்று தெரிவிக்கும் அட்டையை அவரவர் வாசலில் மாட்டிவிடுவதால், எந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்பது தெளிவாகிறது. தீயணைப்பு வீரர்கள் பலரும் தன்னார்வலர்களாகவே இருக்கும் நாட்டுப்புறத்தில், இடிபாட்டிலிருந்து ஒருவரைத் தூக்கும் முதற்கை பக்கத்து வீட்டாருடையதாகவே இருக்கும்.

ஆனால் தனிமனித முயற்சியால் கடக்க முடியாத இடைவெளிகளும் உண்டு. 40 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, அகலத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டரே உள்ள லாங் பீச் தீபகற்பம் தாழ்வான மணல்திட்டு. அதன் நடுவிலும் வடக்கிலும் வசிக்கும் முதியவர் ஒருவரால் அரை மணி நேரத்தில் குன்றுகளை எட்ட முடியாது. அங்கு தேவைப்படுவது, அலைக்கு மேலே மக்கள் ஏறி நிற்கத்தக்க உயரமான கட்டடம். அண்டைக் கவுன்டியில் உள்ள ஒகோஸ்டா தொடக்கப்பள்ளி, ஊர் மக்கள் வாக்களித்து ஏற்ற நிதியில் கட்டப்பட்டு 2016இல் திறக்கப்பட்டது. அதன் கூரையில் சுமார் 1,000 பேர் தஞ்சம் புகலாம். பசிபிக் கவுன்டியிலேயே டோக்லேண்ட் அருகே, ஷோல்வாட்டர் பே பழங்குடியினர் கூட்டரசு உதவியோடு எழுப்பிய 15 மீட்டர் உயரக் கோபுரம் 2022 முதல் 400க்கும் மேற்பட்டோருக்கு இடமளிக்கிறது.

தண்ணீரும் டின் உணவும் சேர்த்துவைத்த குடும்பம், அலையிலிருந்து தப்பினால்தான் அவற்றைப் பயன்படுத்த முடியும். கோபுரம் ஏறித் தப்பிய குடும்பம், வீட்டாரும் ஊராரும் சேர்த்துவைத்தவை மேட்டுநிலத்தில் பத்திரமாக இருந்தால்தான் அடுத்த இரு வாரங்களைத் தாங்க முடியும். குடும்பத்தின் கடமையும் அரசின் கடமையும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகா. ஆயத்தமாக இருங்கள் என்று மக்களிடம் சொல்லும் ஓர் அரசு, அதற்கு வசதியற்றவர்களுக்குப் பொருளும், ஓட இயலாதவர்களுக்கு உயரமான புகலிடமும் தந்த பின்னரே அந்த அறிவுரையைச் சொல்லும் தகுதியைப் பெறுகிறது.