மூன்றாவது கம்பி ஏன்?

குளிர் மிகுந்த அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் பல வீடுகள் வெந்நீரால் சூடேற்றப்படுகின்றன. கொதிகலத்தில் காய்ந்த நீரைப் பம்பு ஒன்று அறைகளிலுள்ள ரேடியேட்டர்களுக்குச் செலுத்துகிறது. அறையின் உஷ்ணநிலை குறைந்ததும் இவ்வேலையைத் தொடங்கி வைப்பது, சுவரில் பொருத்தப்பட்ட தெர்மாஸ்டாட் ஆகும்.

பழைய தெர்மாஸ்டாட் வெறும் ஸ்விட்சே. டிரான்ஸ்பார்மர் தரும் 24 வோல்ட் சுற்றை அது மூடினால் கொதிகலம் எரியும், திறந்தால் அணையும். இதற்கு இரண்டு கம்பிகள் போதும். ஸ்மார்ட் தெர்மாஸ்டாட்டினுள்ளோ சிறு கணிப்பொறியும் வானொலிக் கருவியும் உள்ளன. அவற்றிற்கு இடைவிடாத மின்சாரம் வேண்டும்.

சுற்று திறந்திருக்கையில் ஸ்விட்சின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் நிற்கும். அதிலிருந்து சிறிது மின்சாரம் பெறலாம். மூடியதும் அவ்வழுத்தம் மறையும். டார்ச் பல்பு, பாட்டரி, ஸ்விட்சு, வோல்ட்மீட்டர் ஆகியவற்றைக் கொண்டு ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே காட்டலாம். ஆகவே, வீடு சூடேறும் வேளையில்தான் கருவி மின்சாரமின்றி வாடுகிறது. உள்ளிருக்கும் பாட்டரி தீர்ந்தால் கொதிகலம் இயங்காது. கடுங்குளிரில் குழாய் நீர் உறைந்து, கன அளவில் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். குழாய் வெடிக்கவும் கூடும்.

‘சி’ எனப்படும் மூன்றாவது கம்பி, டிரான்ஸ்பார்மரின் மறுமுனையை நேரே கருவியுடன் இணைத்து இக்குறையைத் தீர்க்கிறது.

எச்சரிக்கை ஒன்று: பிரிட்டனில் பல கொதிகலங்களின் கட்டுப்பாட்டுச் சுற்றில் 230 வோல்ட் ஓடுகிறது. 24 வோல்ட் கருவியை அதில் இணைத்தால் கருவி கெடும், உயிருக்கும் ஆபத்து. மின்சாரத்தை நிறுத்தி, கொதிகலத்தின் சுற்றுப்படத்தைப் பார்த்த பின்னரே கம்பியைத் தொடவேண்டும்.